நான் காட்டிக்கொடுத்த ஊற்று

எங்கள் ஊருக்கு வாட்டர்ஷெட் திட்டம் வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. திருப்பதியில் டிகிரி முடித்து, அங்கேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டு, வேறு வழி தெரியாமல் ஊருக்குத் திரும்பியிருந்தேன். கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மலையைப் பார்த்தபடி இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்போது அங்கே இல்லை. சிலர் நகரியில் தறிக்குப் போனார்கள், சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்கு. என் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாகத் திறந்த கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டான்.

போனவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆடியில் விதைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பூ விடும் சமயம் பார்த்து மழை நின்றுவிடும். ஐப்பசியில் பெய்கிறபோது ஒரேயடியாகப் பெய்து, மேட்டு நிலத்து மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். தொடர்ந்து மூன்று வருடம் இப்படியே நடந்தது.

திட்டத்துக்குப் பணம் அரசாங்கத்துடையது. நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். அவர்களுக்குத் தெலுங்கில் ஃபைல் எழுதவும், ஊர்க்காரர்களிடம் தமிழில் பேசவும் ஒருவன் தேவைப்பட்டான். எல்லைக் கிராமங்களில் அதற்கு ஆள் கிடைப்பது சுலபம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். என்னை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் கற்றுக்கொடுத்தது சமமட்டம் பார்க்க. இரண்டு நீளக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். நூல் குறுக்குக் கம்பின் நடுவில் வந்து நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். அப்படியே அடி அடியாகச் சரிவில் நகர்ந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் வரப்பு எழுப்பினால் மழைத்தண்ணீர் ஓடாமல் நிற்கும். நான் அந்தக் கம்பைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் அலைந்த முதல் வாரம் ஊரே சிரித்தது.

"இன்னா தம்பி, குச்சிய வெச்சிக்கினு கூத்து கட்டிக்கினு கீற?" என்று ஒரு பெண் கேட்டாள். தலையில் கல் நிறைந்த கூடை. நான் விளக்கிச் சொன்னேன். அவள் கூடையை இறக்கிவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு கம்பை வாங்கித் தானே இரண்டு அடி நகர்த்தி, நூல் நடுவில் வந்து நிற்கிறவரை பொறுமையாகப் பார்த்தாள்.

"அப்போ எங் கண்ணு பொய் சொல்துன்னு இது சொல்து. நான் இந்தப் பக்கம் பள்ளம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஆமாக்கா."

"மொதல்ல என் நெலத்துக்குப் போடு."

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனியைச் சேர்ந்தவள், நாற்பதை நெருங்கும் வயது. அவளுடைய அப்பா, தாத்தா யாருக்கும் சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. எங்களைப் போன்ற வீடுகளின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அரசாங்கம் மலையடிவாரத்துப் புறம்போக்கைப் பிரித்துப் பட்டா கொடுத்தபோது அவளுக்கு இரண்டு ஏக்கர் வந்தது. பாதி கல், பாதி முள். புருஷன் பெங்களூருக்குப் போய், பொங்கலுக்கும் ஜாத்திரைக்கும் வந்துகொண்டிருந்து, பிறகு வருவதையே விட்டுவிட்டார். பத்து வயதில் ஒரு மகள். இரண்டு பேருமாகக் கல் பொறுக்கியே அந்த இரண்டு ஏக்கரையும் நிலமாக்கியிருந்தார்கள். பிறகு அரசாங்கமே ஒரு கிணறும் வெட்டிக் கொடுத்தது.

நான் பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து ஊரில் சொன்ன எதையும் முதலில் செய்து பார்த்தது அவள்தான். வேர்க்கடலைக்கு நடுவே ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போட்டாள். கடலை ஏமாற்றினாலும் துவரை நின்றது. கோடையில் நெல்லைத் தொடாமல், நாங்கள் கேவுரு என்கிற கேழ்வரகை நட்டாள். சுரைக்கொடிக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து அதில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். கசிகிற ஈரமே கொடிக்குப் போதுமாக இருந்தது. எதையும் உடனே நம்பமாட்டாள். "ஒரு மூலையில செஞ்சி பாக்கறேன். நல்லா வந்தா நானே எல்லாருக்கும் சொல்றேன்" என்பாள். சொல்லவும் செய்தாள். எங்கள் பக்கத்து விவசாயிகள் நான் சொல்லி மாறியதைவிட அவள் நிலத்தை எட்டிப் பார்த்து மாறியதுதான் அதிகம்.

இரண்டாம் வருடம் மலையடிவாரத்தில் ஓடையை மறித்துக் கசிவுநீர்க் குட்டை வெட்டினோம். பாசனத்துக்கான குட்டை இல்லை அது. தேங்குகிற தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளில் ஏற வேண்டும் என்பதுதான் நோக்கம். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஜியாலஜிஸ்ட் ஜீப்பில் கருவியோடு வந்தார். தெலுங்குக்காரர், அதிகம் பேசாதவர். இரண்டு நாள் அவருக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தேன். மூன்றாவது நாள் என்னைக் குட்டையின் தெற்குக்கரை ஓரம் கூட்டிப் போய், நாற்பது அடி தள்ளி நிற்க வைத்தார். எங்கள் நிலத்தின் ஒரு மூலை அது. என் காலுக்குக் கீழே பாறையில் பெரிய வெடிப்பு ஒன்று ஓடுகிறது, குட்டையிலிருந்து இறங்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் கீழே போகும், எங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் காலனி அம்மாள் கிணறும் அதே வெடிப்பில்தான் இருக்கிறது என்றார்.

"இக்கட எவரைனா போரு வேஸ்தே, குண்ட்ட காளி" என்றார். இங்கே யாராவது போர் போட்டால் குட்டை காலி. "ஈ மாட்ட நீகு மாத்ரமே" என்றும் சொன்னார். இந்த விஷயம் உன்னோடு இருக்கட்டும். தெரிந்தால் எவனாவது துளை போட்டுவிடுவான் என்று அவருக்குப் பயம். என்னிடம் சொல்லலாம் என்று நம்பினார்.

குட்டை முடிந்த பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் திட்டத்துக்கான ஊர்க் கமிட்டி கூடியது. கோயில் வாசலில் வைத்தால் காலனிக்காரர்கள் தயங்குவார்கள் என்று பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். குட்டையைச் சுற்றிய நிலங்களில் யாரும் புதிதாகப் போர் போடக்கூடாது, கரும்பும் கோடை நெல்லும் கூடாது என்று முடிவானது. அவள்தான் முதல் ரேகை வைத்தாள். அடுத்து என் நைனா, அதாவது அப்பா, கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். நான் செக்ரட்டரி. குட்டைக்கரையில் சிமெண்ட் பலகை நட்டு, சிவப்பு பெயிண்டில் தெலுங்கிலும் தமிழிலும் விதிகளை எழுதினேன். தமிழில் இரண்டு எழுத்துப் பிழைகள். எனக்குத் தமிழ் எழுதச் சரியாக வந்தது பிற்பாடுதான்.

அந்த ஐப்பசி மழை எங்களை ஏமாற்றவில்லை. குட்டை நிரம்பி மறுகால் போனது. கிணறுகளில் தண்ணீர் அளக்க வேண்டும் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு டேப் படிக்க வராது. தடித்த சணல் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, எத்தனை முடிச்சு நனைகிறது என்று பார்ப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுப் பக்கமாக வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவாள். "பன்னண்டு முடி, எழுதிக்கோ." நான் ரிஜிஸ்டரில் எழுதுவேன்.

பெரிய அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் அவளிடம் தெலுங்கில், தண்ணீர் எப்படி இருக்கிறது, சந்தோஷமா என்று கேட்டார். அவள் பாதி தெலுங்கு, பாதி தமிழில் பதில் சொன்னாள். "நீள்ளு உந்தி சார், தண்ணி கீது. நாங்க ஒருத்தர ஒருத்தர் ஏமாத்தாம இருந்தா இருக்கும்." அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் மாமரப் பேச்சு தொடங்கியது அந்த நல்ல வருடத்தில்தான். சித்தூர் பக்கம் மாம்பழக்கூழ் எடுக்கும் ஃபாக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பெங்களூரா காய் எவ்வளவு கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறது என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதே பேச்சு. லீவில் வந்த அண்ணன் நைனாவிடம், "மல்லாட்ட போட்டுக்கினு இன்னும் எத்தினி வருசம் வானத்தப் பாப்ப? மரம் வெச்சிட்டா உன் காலத்துக்கும் காய்க்கும்" என்றான். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. மாமரம் வேர் பிடித்துவிட்டால் மழையிலேயே நிற்கும் என்று நானே சொன்னேன். மூன்று ஏக்கரில் ஒட்டுச்செடி நட்டோம்.

வேர் பிடிக்கிறவரைக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை நான் சொல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு வருடமும் மழை இப்படிப் பொய்க்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பழைய கிணறு பங்குனியிலேயே அடியைக் காட்டியது. அம்மா குடத்தில் சுமந்து செடிக்கு ஒரு செம்பாக ஊற்றினாள். இலைகள் ஓரத்திலிருந்து கருகி வந்தன. காலனி அக்கா ஒருநாள் எங்கள் வேலியோரம் நின்று நைனாவிடம், "பான பொதச்சிப் பாருங்கய்யா. நான் வந்து வெச்சிக் குடுக்கறேன்" என்றாள். இத்தனை செடிக்குப் பானைக்கு எங்கே போவது என்று நைனா சொல்லிவிட்டார். பாதிச் செடிக்காவது வைத்திருக்கலாம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தினி பேருக்கோ தண்ணி எங்க கீதுன்னு சொல்ற. நம்ம நெலத்துல எங்க கீதுன்னு சொல்ல மாட்ட."

"கமிட்டியில நீயும் கையெழுத்துப் போட்டுக் கீற நைனா."

"போட்டேன். செடி சாவும்னு தெரிஞ்சா போட்டேன்? நீ ஊருக்கு செக்ரட்டரி. எனக்கு மவன் இல்லியா?"

நான் எழுந்துபோனேன். அன்று சாயங்காலம் புத்தூர் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணன் பேசினான். போர் போடும் ரிக் லாரிக்குத் தானே ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னான். இடத்தை மட்டும் நான் காட்ட வேண்டும். நான் விதிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"நீ எழுதன ரூல்ஸ துன்ன முடியுமாடா?" என்றான்.

அவன் அதட்டியதால்தான் செய்தேன் என்று இத்தனை வருடமும் என்னையே நம்பவைக்கப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. ஊர்வழி திரும்பும்போது அம்மா காய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி. அது எனக்குத் தாங்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற கர்வம். மறுநாள் காலையில் நைனாவைக் குட்டையின் தெற்குக்கரைக்குக் கூட்டிப்போய், நாற்பது அடி எண்ணி நின்று, செருப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்தேன்.

"இங்கியா?"

"இங்கதான்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

லாரி வருகிற நாளில் நான் ஊரில் இல்லை. திருப்பதியில் இரண்டு நாள் பயிற்சி இருந்தது. போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் போனேன். கிராமத்துத் தண்ணீரை எப்படிக் கணக்கிட்டுப் பங்கிடுவது என்பதுதான் பயிற்சி. இரண்டாவது நாள் என்னை எழுப்பி, உங்கள் ஊர்க் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நான் தெலுங்கில் பத்து நிமிடம் பேசினேன். ரேகை வைத்த பெண்ணைப் பற்றியும் முடிச்சுக் கயிற்றைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது பாதையெல்லாம் வெள்ளைச் சேறு. பாறையைத் துளைத்த மாவு தண்ணீரோடு கலந்து குட்டைக்கரையிலிருந்து ரோடுவரை ஓடியிருந்தது. லாரி போய்விட்டிருந்தது. இருநூறு அடியிலேயே தண்ணீர் பீறிட்டு, லாரிக்காரர்களே அசந்துபோனார்களாம். நைனாவின் சட்டை முழுக்கச் சேறு. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் வந்தாள். வெள்ளிக்கிழமைகூட இல்லை. வாசலில் நின்றாள். நான் வெளியே போனேன்.

"தம்பி, அந்த எடத்த யாரு காட்னது?"

"நைனாவே கையில தேங்கா வெச்சி நடந்து பாத்தாராம்கா. அங்க தேங்கா நிமிந்துச்சாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் பார்ப்பது அப்படித்தான். நம்பக்கூடிய பொய்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கமிட்டி கூடியது. நான் குனிந்தபடி ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுந்து, பலகையில் எழுதியிருப்பது என்ன ஆச்சு என்று கேட்டார். நைனாதான் பதில் சொன்னார், "செடி சாவறப்ப பலகையா வந்து தண்ணி ஊத்தும்?" கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் அவரே ஒரு போர் போட்டார். அந்தக் கோடைக்குள் குட்டையைச் சுற்றிலும் ஐந்தாறு பேர் போட்டுவிட்டார்கள். செக்ரட்டரி வீட்டிலேயே போட்டிருக்கும்போது யாரை நிறுத்துவது? ஒருவர் கரும்பே நட்டார். கமிட்டி அதற்கப்புறம் கூடவில்லை.

அவள் மட்டும் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. மற்றவர்களெல்லாம் கைவிட்டுவிட்ட அந்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள். வாசலில் நின்று எண்ணைச் சொல்லிவிட்டுப் போவாள், நான் எழுதிக்கொள்வேன்.

"ஆறு முடி."

"நாலு."

"நாலுக்குக் கொஞ்சம் கீழ."

"ரெண்டு. கேவுரு நாத்துக்கு நேத்து பாதிதான் எறச்சேன்."

சித்திரைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தவள், "கயிறு நனையல தம்பி, அப்டியே எழுதிக்கோ" என்றாள். நான் பூஜ்யம் போட்டேன். எதிரில், வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் மாஞ்செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டிருக்கும்.

இருந்த ஒரு மாட்டைத் தன் அக்காள் வீட்டில் கட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அவள் திருப்பதிக்குப் போனாள். சமையல் கூடங்களில் பாத்திரம் தேய்க்கிற வேலை என்று சொன்னார்கள். போகிற அன்று நான் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. திட்டம் முடிந்ததாக நிறுவனமும் கணக்கை மூடியது. இறுதி அறிக்கையில் குட்டை, வரப்புகள், கமிட்டி எல்லாவற்றையும் பற்றி நல்லவிதமாக எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் மாமரங்கள் பிழைத்தன, அதை மறைப்பானேன். நான்கைந்து வருடத்தில் காய்க்க ஆரம்பித்தன. அதே சமயத்தில் போரில் தண்ணீருக்குப் பதில் காற்று வர ஆரம்பித்தது. சுற்றி இருந்தவர்கள் இன்னும் ஆழம் போனார்கள், நாங்களும் போனோம். குட்டையில் மழை பெய்து நின்ற தண்ணீர் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. நான் திருப்பதிக்கே வந்துவிட்டேன். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றில் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. பேச வரும் என்பதால் கொடுத்தார்கள். கங்காதர நெல்லூரிலிருந்து பிச்சாட்டூர் வரை நான் போகாத ஊர் இல்லை. மழை முன்னே மாதிரி இல்லை, இருக்கிற தண்ணீரைச் சேர்ந்து காப்பாற்றுங்கள் என்று சொல்வேன். சொல்வதெல்லாம் உண்மைதான். ஒவ்வொரு தடவையும் "சேர்ந்து" என்ற சொல் வரும்போது என் குரல் எனக்கே பிடிக்காது.

அவளை மறுபடி பார்த்தது பதினைந்து வருடம் கழித்து. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பெனி விவசாயிகள் கூட்டம் வைத்திருந்தது. காலையில் நான் பேசினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். முடி நரைத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரிவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மைக்குல கொரல் கேட்டேன். நீதான்னு நெனச்சேன்" என்றாள்.

"எப்படிக்கா கீற?"

"கீறேன். பொண்ணு சத்தியவேடு பக்கம் கம்பெனிக்குப் போவுது. பஸ் வந்து கூட்டிக்கினு போய் கொண்டாந்து வுட்டுடுது. அதுக்கு ஒரு கொழந்த." சிரித்தாள். "மைக்குல தண்ணியப் பத்தி நல்லாதான் பேசற."

அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி சொன்னேன். "அக்கா, அந்த எடத்த நான்தான் காட்னேன். தேங்கா எல்லாம் பொய்."

அவள் கரண்டிகளை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். "தெரியும்."

"எப்படி?"

"உங்க நைனா தேங்கா வெச்சிப் பாத்திருந்தா நாலு எடத்துல நடந்திருப்பாரு, ஊரே வேடிக்க பாத்திருக்கும். லாரிக்காரன் நேரா வந்து அந்த மூலையில நின்னான். அது தெரியாமியா கேட்டேன்? நீயே சொல்றியா பாக்கலாம்னுதான் கேட்டேன்."

அவள் ஒரு கரண்டியை எடுத்துத் தேய்த்தாள்.

"அன்னிக்கி நீ ஆமாக்கா நான்தான்னு சொல்லியிருந்தா, நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேட்டுட்டு, வாரத்துக்கு ரெண்டு வாட்டி என் கேவுருக்குத் தண்ணி வுடுன்னு சொல்லியிருப்பேன். எனக்கு எவ்ளோ வேணும்? குழா கீழதான எறங்குது. உங்க நைனாவும் குடுத்திருப்பாரு. நீ பொய் சொன்னப்புறம் இவங்க என்னிய ஒரு ஆளாவே நெனைக்கலன்னு ஆயிப்போச்சி. அப்புறம் வந்து எப்டி கையேந்தறது?"

"வெள்ளிக்கெழம வந்தியேக்கா."

"அது கமிட்டி வேல. ரேக வெச்சி ஒத்துக்கினேன் இல்ல?"

நிலத்தை நான் சீர்செய்து தருகிறேன், அதில் மண்டிக் கிடக்கும் வேலிகாத்தானை வெட்டச் சொல்கிறேன், மழைக்கு முன்னால் வரப்பைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள்.

"வேணாம் தம்பி. வேலிகாத்தான வெட்டிக் கரி போடறவங்க வந்துக்கினு போறாங்க. எனக்கு முட்டி போச்சி. என் பொண்ணு மண்ணத் தொடாது. எனக்காக ஒண்ணியும் பண்ணாத. போ, உன்னத் தேடுவாங்க."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கரண்டிகளைக் கூடையில் வாரிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு முறை அந்த மண்டபத்துக்குப் போனேன். மகள் வீட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் யாரிடமும் இல்லை.

அவளைப் பார்த்த அந்த வாரக் கடைசியிலேயே ஊருக்குப் போனேன். நைனாவுக்கு அப்போது பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல், மாமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பேச்சு மட்டும் தெளிவு. அவளைப் பார்த்ததையும் அவள் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் அன்றைக்குச் சொன்ன பொய்யையும் அவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் என்னைக் கேட்டதே அவருக்குத் தெரியாது.

அவர் தலையைத் திருப்பி வரப்பின் பக்கம் பார்த்தார்.

"நான் வரப்புல நின்னுக்கினு ரெண்டு மூணு வாட்டி அவ நெலத்தப் பாத்தேன்டா" என்றார். "கேவுரு வாடிக்கினு இருந்துச்சி. வந்து கேப்பா, குழாய அந்தப் பக்கம் திருப்பி வுடலாம்னு நெனச்சேன். அவ கேக்கல. நம்ம மேல கோவமா கீறான்னு நானும் கூப்டல."

"கூப்ட்டிருக்கலாம் நைனா."

"கூப்ட்டிருக்கலாம்" என்றார். பிறகு, வெயில் முகத்துக்கு வருகிறது, கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடு என்றார். தள்ளிப் போட்டேன்.